எந்த பேட்டரின்னு முதல்ல சொல்லுங்க: சார்ஜ் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி கடை நம்மளது, அதே கடைல பாதி ஷட்டர் மச்சானோட மொபைல் சர்வீஸ். என் பக்கம் அம்பது கிலோ பேட்டரிய ரெண்டு பேரு சேர்ந்து தூக்கிட்டு வருவாங்க, அவன் பக்கம் அம்பது அறுபது கிராம் பேட்டரிய சட்டப்பையில போட்டுட்டு வருவாங்க. ரெண்டு பக்கமும் கேக்குற கேள்வி மட்டும் ஒண்ணுதான்: "ஃபுல்லா ஏத்தலாமா, காலியாக விடலாமா, எப்ப கழட்டணும்". பதில்தான் ஒண்ணுக்கொண்ணு தலைகீழ். வாட்ஸப்ல சுத்துற பேட்டரி அட்வைஸ்ல பாதி பொய்யில்லங்க, ஏதோ ஒரு பேட்டரிக்கு உண்மைதான், அத வேற பேட்டரிக்கு சொல்லிட்டு இருக்காங்க, அதான் பிரச்சனை. திரும்பத் திரும்ப வாயால சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

பேட்டரிக்குள்ள கரண்ட்ட ஊத்தி வெக்கிறோமா, தொட்டில தண்ணி ரொப்புற மாதிரி?

இல்லைங்க. உள்ள கரண்ட்டுன்னு எதுவும் தேங்கி நிக்கல. உள்ள இருக்குறது கெமிக்கல், அது ஒரு நிலைமைல இருந்து இன்னொரு நிலைமைக்கு மாறும்போது கரண்ட்ட வெளிய தள்ளும், நாம சார்ஜர் மாட்டி எதிர்ப்பக்கமா கரண்ட்ட தள்ளினா அந்த கெமிக்கல் பழைய நிலைமைக்கு திரும்பும், அவ்ளோதான் சார்ஜ்ங்கறது.

போன் பேட்டரிக்கு நான் பல்லாங்குழிய வெச்சு சொல்லுவேன். ரெண்டு வரிசை குழி. ஒரு வரிசை கிராஃபைட், நம்ம பென்சில் முனைல இருக்குற அதே சாமான், தாமிரத் தகடு மேல பூசியிருக்கும். எதிர் வரிசை கோபால்ட், நிக்கல் மாதிரி உலோகம் கலந்த ஆக்ஸைடு, அலுமினியத் தகடு மேல பூசியிருக்கும். சோழி யாருன்னா லித்தியம் அயனி, அதாவது ஒரு எலக்ட்ரான விட்டுட்டு நிக்குற லித்தியம் அணு. சார்ஜ் பண்ணும்போது சோழியெல்லாம் கிராஃபைட் குழிக்கு வந்து உக்காந்துக்கும், போன் யூஸ் பண்ணும்போது எதிர்க் குழிக்கு திரும்பிப் போகும். நடுவுல ஒரு திரவமும் முடிய விட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் சல்லடையும் இருக்கு, அது அயனிய விடும், எலக்ட்ரான விடாது. அதனால எலக்ட்ரான் வெளில வயர் வழியா சுத்திக்கிட்டுதான் அந்தப் பக்கம் போய்ச் சேரணும். அப்படி அது சுத்திப் போற வழியில நாம போன வெச்சு வேலை வாங்கிக்கறோம்.

இதுல ஒண்ணு கவனிங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏதாவது ஒரு சோழி கட்டிலுக்கு அடில உருண்டு போயிடும். கிராஃபைட் மேல ஒரு மெல்லிசான படலம் உண்டாகும், அது இருந்தாத்தான் பேட்டரி நல்லா வேலை செய்யும், ஆனா அது வளர வளர லித்தியத்த தின்னுக்கிட்டே இருக்கும். ரெண்டு வருசம் ஆன போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான், ஆடுறதுக்கு சோழி கம்மியாயிடுச்சு. சூடு அதிகமானா படலமும் வேகமா வளரும்.

சின்ன வயசுல டார்ச் பேட்டரிய வெயில்ல காயவெச்சா திரும்ப எரியுமே, அது சார்ஜ் ஆனதுதானே?

எங்க அப்பத்தா மொட்டமாடில வத்தலோட வத்தலா ரெண்டு சிவப்பு பேட்டரியயும் காயவெக்கும். சாயங்காலம் போட்டா கொஞ்ச நேரம் எரியும், உண்மைதான். ஆனா அது சார்ஜ் இல்ல. உள்ள மிச்சம் மீதி இருக்குற கெமிக்கல் சூட்டுல கொஞ்சம் சுறுசுறுப்பாகும், எரிஞ்சப்ப உள்ள அடைச்சிக்கிட்ட வாயுவும் கொஞ்சம் விலகும், அதனால கடைசி சொட்டயும் பிழிஞ்சு எடுக்க முடியுது. அந்த பேட்டரியோட துத்தநாக டப்பாவே கரைஞ்சு கரைஞ்சுதான் கரண்ட் வருது, கரைஞ்சது ஒழுங்கா திரும்பி வந்து ஒட்டாது. அதான் அத சார்ஜர்ல போடக்கூடாதுங்கறோம், கேஸ் உண்டாகி ஒழுகும், சில சமயம் வெடிக்கும். இந்த வெயில் வைத்தியத்த போன் பேட்டரிக்கு செஞ்சவங்கள நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம்.

சார்ஜ் பண்ற பேட்டரில எத்தனை வகை இருக்கு?

நம்ம கையில புழங்குறது மூணு. ஈய ஆசிட் பேட்டரி, அதாவது இன்வெர்ட்டர், கார், ஆட்டோவுல இருக்குறது, 1859ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டேன்னு ஒருத்தர் பண்ணது, நூத்தி அறுவது வருசம் தாண்டியும் இன்னும் அதுக்கு மார்க்கெட் இருக்கு. அடுத்து நிக்கல் வகை, 1899ல ஸ்வீடன்ல யுங்னர் பண்ண நிக்கல் காட்மியம், அப்புறம் அதுக்கு தம்பியா வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. மூணாவது லித்தியம் அயான், 1991ல சோனி கம்பெனி கடைக்கு கொண்டு வந்தது. லித்தியத்துக்கு அடிப்படை போட்ட வைட்டிங்ஹாம், குட்எனஃப், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்க, குட்எனஃபுக்கு அப்ப வயசு 97.

எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னொரு பெருமை, சிக்ரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953ல திறந்தது. பேட்டரி ஆராய்ச்சி பண்ற இடத்துக்கு பக்கத்துல உக்காந்துகிட்டு நம்ம ஆளுங்க இன்வெர்ட்டர் பேட்டரில போர் தண்ணி ஊத்துறாங்களேன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

போன்ல 70, 80 வரைக்கும் சர்ருன்னு ஏறுது, அப்புறம் ஆமை மாதிரி நகருது. சார்ஜர் மட்டமா?

சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. மச்சான் கடைல யூஎஸ்பி மீட்டர் ஒண்ணு கெடக்கு, கட்டைவிரல் சைஸ் இருக்கும், சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவுல மாட்டினா எத்தன வோல்ட், எத்தன ஆம்ப் போகுதுன்னு காட்டும். ஒரு நாள் மழை, கடைல ஆளே இல்ல, ஒரு 5000 எம்ஏஹெச் போன மாட்டி வெச்சுட்டு பில் புக் பின்னாடி எழுதிக்கிட்டே இருந்தேன். 15 சதவீதத்துல ஆரம்பிச்சப்ப 9 வோல்ட், 1.9 ஆம்ப், கிட்டத்தட்ட 17 வாட். 60 தாண்டுற வரைக்கும் அந்த நம்பர் அசையல, நாப்பது நிமிசம் ஆச்சு. 80 கிட்ட ஒரு ஆம்ப்புக்கு வந்துருச்சு. 95ல 0.3. கடைசி பத்து சதவீதத்துக்கு மட்டும் அரைமணி நேரம், அதுக்குள்ள மழையே நின்னு போச்சு.

எதுக்கு இப்படின்னா, காலியா இருக்குற டவுன் பஸ்ஸ நெனச்சுக்கங்க. ஆரம்பத்துல ஏறுறவன் நேரா போய் ஜன்னல் சீட்டுல உக்காந்துருவான். சீட்டெல்லாம் ரொம்பினப்புறம் "உள்ள போ, உள்ள போ"ன்னு கண்டக்டர் கத்தி ஒவ்வொருத்தரா நகர்ந்தாத்தான் அடுத்தவன் ஏற முடியும். அந்த நேரத்துல வேகமா தள்ளினா லித்தியம் குழிக்குள்ள போக முடியாம கிராஃபைட் மேலயே உலோகமா படிஞ்சிரும், அது பேட்டரிக்கு ஆயுசுக்கும் கேடு, ரொம்ப மோசமா போனா உள்ளுக்குள்ள ஷார்ட்டும் ஆகும். அதனால சார்ஜிங் சர்க்யூட் என்ன பண்ணும்னா முதல்ல ஒரே அளவு கரண்ட்ட குடுத்து செல் 4.2 வோல்ட் தொடுற வரைக்கும் ஏத்தும் (சில புது செல்லுல இன்னும் கொஞ்சம் மேல), தொட்டதும் வோல்ட்ட அங்கயே புடிச்சு வெச்சுக்கிட்டு கரண்ட்ட தானா குறைய விடும், பத்துல ஒரு பங்கு இருபதுல ஒரு பங்குன்னு வந்ததும் நிறுத்திரும். அப்ப அவசரத்துக்கு சார்ஜ் போடுறவங்க 80ல கழட்டிட்டு கெளம்புறதுதான் புத்திசாலித்தனம், மிச்ச இருபதுக்கு காத்திருக்குறது பஸ்ஸ விடுறதுக்கு சமம்.

ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டா வெடிச்சுருமா?

நல்ல போன், நல்ல சார்ஜர்னா வெடிக்காது. நிறைஞ்சதும் போனே உள்ள கட் பண்ணிக்கும், நீங்க எந்திரிச்சு போய் கழட்டணும்னு அவசியமில்ல. ஆனா 4.2 வோல்ட்டுலயே மணிக்கணக்கா நிக்குறது லித்தியத்துக்கு ஒரு பாரம், கையில பத்து கிலோ அரிசிப்பைய புடிச்சுக்கிட்டு நிக்குற மாதிரி, விழுந்துற மாட்டீங்க ஆனா கை வலிக்கும்ல. அதோட சூடும் சேர்ந்தா இன்னும் மோசம், தலகாணிக்கு அடில போன வெச்சு சார்ஜ் போட்டு தூங்குறவங்கள சொல்றேன். சூடு வெளிய போக வழியே இல்ல.

இப்ப வர்ற போன்ல நிறைய 80ல நிறுத்துற செட்டிங் இருக்கு, இல்லன்னா நீங்க எந்திரிக்கிற நேரத்த கத்துக்கிட்டு அதுக்கு கொஞ்சம் முன்னாடி மட்டும் 100 ஆக்குற செட்டிங் இருக்கு. ஆன் பண்ணி விட்டுட்டு மறந்துருங்க. 20க்கும் 80க்கும் நடுவுல வெச்சுக்கிட்டா ஆயுசு கூடும்ங்கறது உண்மைதான், ஆனா அதுக்காக நாள் பூரா பர்சன்டேஜ பாத்துக்கிட்டே இருந்தா பேட்டரி நல்லா இருக்கும், நீங்க நல்லா இருக்க மாட்டீங்க.

சுத்தமா காலியானப்புறம்தான் சார்ஜ் போடணும், புது போன எட்டு மணி நேரம் போடணும்னு சொல்றாங்களே?

இது நிக்கல் காலத்து பேச்சு. நிக்கல் காட்மியம் பேட்டரில தினமும் பாதி பாதியா இறக்கி ஏத்தினா அந்தப் பாதிலயே வோல்ட் தொங்கிரும், அத மெமரின்னு சொல்லுவாங்க. அதனால ஒரேடியா காலி பண்ணிட்டு ஏத்துன்னு சொன்னது அப்ப சரிதான். நோக்கியா 3310கூட ஆரம்பத்துல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோடதான் வந்துச்சு, அந்த எட்டு மணி நேரக் கதையெல்லாம் அந்த காலத்துல இருந்து ஒட்டிக்கிட்டதுதான். அந்த போனும் போச்சு, அந்த பேட்டரியும் போச்சு, அட்வைஸ் மட்டும் சாகல.

லித்தியத்துக்கு மெமரியெல்லாம் கணக்குல எடுக்க வேண்டியதே இல்ல, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறதுதான் நல்லது. சைக்கிள்னு சொல்றது ப்ளக் மாட்டுற எண்ணிக்கை இல்ல, இன்னைக்கு 50 நாளைக்கு 50ன்னு ஏத்தினா ரெண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள்தான். சாதாரண போன் பேட்டரி ஐநூறு சைக்கிள் வாக்குல 80 சதவீதத்துக்கு இறங்கும். பர்சன்டேஜ் தாறுமாறா காட்டினா, 30ல இருந்து திடீர்னு ஆஃப் ஆனா, அப்ப மட்டும் ஒரு தடவை இறக்கி முழுசா ஏத்திப் பாருங்க, அது பேட்டரிக்கு வைத்தியம் இல்ல, அளக்குற மீட்டருக்கு.

காலியான போன மாசக்கணக்கா அலமாரில போட்டு வெக்காதீங்க. போன்ல 0 காட்டினாலும் செல்லுல கொஞ்சம் மிச்சம் வெச்சுதான் ஆஃப் ஆகும், அந்த மிச்சமும் தானா கசிஞ்சு ரொம்ப கீழ போயிட்டா உள்ள தாமிரத் தகடு கரைய ஆரம்பிச்சிரும். அப்புறம் சார்ஜ் ஏத்துறது ஆபத்துன்னு பேட்டரில இருக்குற சின்ன பாதுகாப்பு சர்க்யூட்டே கதவ சாத்திரும். எடுத்து வெக்கணும்னா பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி வெயில் படாத இடத்துல வெச்சுட்டு போங்க.

65 வாட் சார்ஜர என்னோட 18 வாட் போன்ல மாட்டினா பொசுங்கிருமா?

பொசுங்காது. எவ்ளோ வேணும்னு கேக்குறது போன், சார்ஜர் இல்ல. மாட்டினதும் முதல்ல 5 வோல்ட்தான் வரும், அப்புறம் போனும் சார்ஜரும் கேபிள் வழியா பேசிக்கும், "9 வோல்ட் குடுப்பியா", "குடுக்குறேன்", அப்பதான் ஏறும். பேச்சுவார்த்தை படியலைன்னா 5 வோல்ட்டுலயே மெதுவா ஓடும், வேற கம்பெனி சார்ஜர்ல ஸ்லோவா ஏறுறது அதனாலதான். மட்டமான கேபிளுக்குத்தான் பயப்படணும், உள்ள கம்பி நூல் மாதிரி இருக்கும், முனை சூடாகும். மாட்டி பத்து நிமிசத்துல கேபிள் முனைய தொட்டுப் பாருங்க, கை சுட்டா தூக்கிப் போடுங்க.

20000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கினேன், 5000 போன நாலு தடவ ஏத்தணும்ல, மூணு கூட வரல. ஏமாத்திட்டாங்களா?

மூணு கிட்ட வந்துச்சுன்னா நல்ல பொருள்தான். அந்த 20000ங்கறது உள்ள இருக்குற செல்லோட 3.7 வோல்ட்டுக்கு போட்ட கணக்கு, பெருக்கினா 74 வாட் அவர், அதாவது உள்ள இருக்குற மொத்த சக்தி. வெளில 5 வோல்ட்டா மாத்தி குடுக்கும்போது அதே 74 வாட் அவர் 14800 எம்ஏஹெச்தான். மாத்துற சர்க்யூட் சூடா கொஞ்சம் தின்னும், அப்புறம் போன் சார்ஜ் ஆகும்போது அது கொஞ்சம் தின்னும். அட்டைல சின்ன எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு 12000 சொச்சம் போட்டிருப்பான், அதப் பாத்து வாங்குங்க. ஃப்ளைட்ல போறவங்களுக்கு: 100 வாட் அவர் வரைக்கும் கைப்பையில கொண்டு போகலாம், செக்கின் பெட்டில போடக்கூடாது.

போன் பின்பக்கம் வீங்கியிருக்கு, இன்னும் ஓடுது. ஓட்டலாமா?

வேணாம். இதுல மட்டும் நான் கறாரா பேசுவேன்.

வீங்குறதுன்னா உள்ள திரவம் கெட்டு கேஸ் ஆயிருச்சுன்னு அர்த்தம். கண்டுபிடிக்க சுலபம், போன மேசைல மல்லாக்க வெச்சு ஒரு ஓரத்த தட்டுங்க, தட்டுத்தடுமாறி ஆடுச்சுன்னா உள்ள வீங்கியிருக்கு. போன வாரம் ஒரு அம்மா கொண்டு வந்த போன்ல டிஸ்ப்ளே ஓரமா தூக்கிக்கிட்டு உள்ள வெளிச்சம் தெரியுது, அது மேல ரப்பர் பேண்ட் ரெண்டு சுத்தியிருக்கு. மச்சான் பிளாஸ்டிக் பட்டைய விட்டு மெதுவா கழட்டினான், இரும்பு எதுவும் தொடவிடல. பேட்டரி அப்பளப்பூ மாதிரி உப்பி இருந்துச்சு, நெய்ல் பாலிஷ் ரிமூவர் கணக்கா ஒரு இனிச்ச வாடை. அந்த வாடை வந்தாலே பை எங்கயோ லேசா பிரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். உடனே வெளிய எடுத்துட்டு போய் மணல் வாளில வெச்சான்.

குத்தி கேஸ வெளியேத்துறது, அமுக்கி சப்பையாக்குறது, ஃப்ரிட்ஜ்ல வெக்கிறது எதுவும் செய்யாதீங்க. நடுவுல இருக்குற பிளாஸ்டிக் சல்லடை கிட்டத்தட்ட 130 டிகிரில உருகிரும், உருகினா ரெண்டு பக்கமும் ஒட்டி ஷார்ட் ஆகும், அது இன்னும் சூடாக்கும், அந்த சூடு அடுத்த ரியாக்ஷன கிளப்பும், அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. புகை வந்தா தூரமா வாங்க, பெருசா போச்சுன்னா 101. முடிஞ்ச தூரத்துல இருந்து தண்ணி நிறைய ஊத்தி ஆறவைக்கலாம், ஆனா ப்ளக்ல மாட்டியிருந்தா முதல்ல மெயின ஆஃப் பண்ணிட்டு.

சரி, இன்வெர்ட்டருக்கு வருவோம். டிஸ்டில்ட் வாட்டர் ஏன் குறையுது? ஆர்ஓ தண்ணி, ஏசி தண்ணி ஊத்தலாமா?

இங்க இருந்து ரூல் எல்லாம் மாறுதுங்க, லித்தியத்த மறந்துருங்க.

ஈய ஆசிட் பேட்டரில ஒரு பிளேட் ஈயம், இன்னொண்ணு ஈய டை ஆக்ஸைடு, நடுவுல தண்ணி கலந்த கந்தக ஆசிட். கரண்ட் குடுக்கும்போது ரெண்டு பிளேட்டும் ஈய சல்ஃபேட்டா மாறும், ஆசிட்ல இருக்குற சல்ஃபேட் பிளேட்டுக்கு போயிடுறதால ஆசிட் நீர்த்துப்போகும். சார்ஜ் பண்ணா சல்ஃபேட் திரும்ப ஆசிட்டுக்கு வரும். ஒரு செல் 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்து 12.6, அதத்தான் நாம 12 வோல்ட் பேட்டரிங்கறோம். இன்வெர்ட்டர் அத 14.4 வாக்குல வெச்சு ஏத்தும், நிறைஞ்சதும் 13.5, 13.8ன்னு இறக்கி அப்படியே புடிச்சுக்கும். ஏறி முடியுற சமயத்துல தண்ணி ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சு பறக்கும், அதான் குறையுது. பறக்குறது தண்ணி மட்டும்தான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு. அதனால எந்தக் காலத்துலயும் ஆசிட் ஊத்தாதீங்க. மாடிப்படிக்கு அடில கதவு போட்டு மூடுன அலமாரில பேட்டரி வெக்காதீங்க, அந்த ஹைட்ரஜன் தேங்கும், ஒரு பொறி போதும்.

ஆர்ஓ தண்ணிலயும் உப்பு இருக்கு, குடிக்கத்தான் அது நல்லா இருக்கும். ஏசி தண்ணி காயில் மேல வழிஞ்சு தூசி, உலோகம் எல்லாத்தயும் கூட்டிக்கிட்டு வருது. அஞ்சு லிட்டர் கேன் என்ன விலைன்னு நெனைங்க, பேட்டரி என்ன விலைன்னு நெனைங்க. ஃபுல் சார்ஜ் ஆனப்புறம் ஊத்துங்க, ஏன்னா ஏறும்போது மட்டமும் ஏறும், முன்னாடியே ரொப்பி வெச்சா பொங்கி மேல வழியும். பிளேட் வெளிய தெரியுற அளவு காய்ஞ்சிருந்தா மட்டும் பிளேட் மூழ்குற அளவு ஊத்திட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க.

ஃபுல்னு காட்டுது, கரண்ட் போனா பதினஞ்சு நிமிசத்துல பீப் பீப்னு கத்துது. ஏன்?

இது என் வீட்டுலயே நடந்துச்சு, கடைக்காரன் வீட்டுல. ஒரு ஏப்ரல்ல ஷட் டவுன் அன்னிக்கு பேட்டரி நல்லா இறங்கியிருந்துச்சு, அன்னிக்கு சாயங்காலமே குடும்பத்தோட ஊருக்கு கெளம்பற அவசரத்துல மெயின இறக்கிட்டு போயிட்டேன், திரும்பி வர ரெண்டு மாசம். வந்து ஆன் பண்ணா பத்தே நிமிசத்துல ஃபுல் லைட் எரியுது. எனக்கு அப்பவே வயித்துல புளி கரைச்சுது. ஹைட்ரோமீட்டர எடுத்தேன், அது ஒரு கண்ணாடிக் குழாய், மேல ரப்பர் பல்பு, அமுக்கி விட்டா ஆசிட்ட உறிஞ்சும், உள்ள ஒரு மிதவை மிதக்கும், எவ்ளோ தூரம் மிதக்குதுன்னு பாத்து ஆசிட் தண்ணிய விட எத்தன மடங்கு அடர்த்தின்னு படிக்கணும். நம்ம வெயிலுக்கு வர்ற டியூபுலர் பேட்டரில நல்லா ஏறினா 1.240 கிட்ட நிக்கணும். அங்க அஞ்சு செல்லு 1.130, 1.140னு தொங்குது, ஒரு செல்லுல மிதவை எந்திரிக்கவே இல்ல.

நடந்தது என்னன்னா, இறங்கின பேட்டரில இருக்குற ஈய சல்ஃபேட் முதல்ல மாவு மாதிரி இருக்கும், அப்படியே விட்டா கல்லா உறைஞ்சிரும், கல்கண்டு கட்டுற மாதிரி. அப்புறம் சார்ஜ் குடுத்தா கரையாது, வோல்ட் மட்டும் சட்டுனு ஏறி ஃபுல்னு ஏமாத்தும். லித்தியத்த பாதில வெச்சுட்டு போன்னு சொன்னேன்ல, ஈயத்த நிறைச்சு வெச்சுட்டு போகணும், முடிஞ்சா இன்வெர்ட்டர ஆன்லயே விட்டுட்டு போகணும். இது நான் தெனம் நாலு பேருக்கு சொல்றது, எனக்கு சொல்லத்தான் ஆள் இல்ல.

ஒரே ஒரு செல் மட்டும் 1.150, மத்ததெல்லாம் 1.230ன்னு இருந்தா அந்த செல் அவுட். ஆறுல ஒண்ணு போனா போதும், மொத்த பேட்டரியும் அது கணக்குலதான் ஓடும்.

150 ஆம்ப் பேட்டரி எத்தன மணி நேரம் வரும்?

பேப்பர்ல 150 பெருக்கல் 12, 1800 வாட் அவர். ஆனா அந்த 150ங்கறது பெரும்பாலும் 20 மணி நேரத்துக்கு மெதுவா ஏழரை ஆம்ப் எடுத்தா வர்ற கணக்கு, வேகமா உறிஞ்சினா கம்மியாத்தான் குடுக்கும். ரெண்டு ஃபேன், ஒரு டிவி, நாலு எல்ஈடி பல்புன்னா 270 வாட் வரும், புது பேட்டரில நாலு மணி நேரம் எதிர்பாருங்க. மிக்ஸியும் போடுவேன்னா நான் பொறுப்பில்ல.

ஈ-ஸ்கூட்டர்ல வாரத்துக்கு ஒரு தடவ 100 ஏத்துன்னு போட்டிருக்கான், நீங்க 80 போதும்னு சொன்னீங்க?

நல்ல கேள்வி. உங்க ஸ்கூட்டர்ல இருக்குறது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டா இருக்கும். அதுவும் லித்தியம்தான், ஆனா குழி வேற. 1997ல குட்எனஃப் குழு வெளியிட்டது. ஆக்சிஜன பாஸ்பேட் இறுக்கமா புடிச்சு வெச்சிருக்கறதால சூட்டுல அவ்ளோ சுலபமா தீப்புடிக்காது, ரெண்டாயிரம் சைக்கிளுக்கு மேலயும் தாங்கும், ஆனா அதே கெபாசிட்டிக்கு எடை கூட.

அதுல ஒரு வேடிக்கை, 20ல இருந்து 80 வரைக்கும் வோல்ட் கிட்டத்தட்ட 3.2, 3.3லயே படுத்துக் கெடக்கும். வோல்ட்ட வெச்சு எவ்ளோ மிச்சம்னு சொல்லவே முடியாது, உள்ள பேட்டரிய கவனிச்சுக்குற சர்க்யூட், பிஎம்எஸ்ம்பாங்க, அது எவ்ளோ போச்சு எவ்ளோ வந்துச்சுன்னு கணக்கு எழுதிக்கிட்டே இருக்கும், அந்தக் கணக்கு நாள்பட தப்பும். 100 தொட்டாத்தான் "சரி, இதான் நிறைவு"ன்னு திருத்திக்கும். அதோட ஒவ்வொரு செல்லயும் சமமாக்குற வேலையும் அப்பதான் நடக்கும். அதனால உங்க வண்டி மேனுவல் சொல்றதுதான் சரி. வெயில்ல ஓட்டிட்டு வந்த கையோட மட்டும் ப்ளக் மாட்டாதீங்க, முக்கா மணி நேரம் நிழல்ல ஆறட்டும். வாசலுக்கு வர்ற ஒரே வழில வண்டிய நிறுத்தி ராத்திரி சார்ஜ் போடாதீங்க, ஏதாவது ஆனா வெளிய வர வழி வேணும்ல.

ரிமோட்டுக்கு சார்ஜ் பண்ற பென்சில் பேட்டரி போடலாமா?

போடலாம். அது 1.2 வோல்ட், சாதாரணது 1.5, பெரும்பாலான சாமான் ஏத்துக்கும். ஆனா ரிமோட்டும் சுவர்க் கடிகாரமும் குடிக்கிறதே சொட்டு சொட்டாத்தான், அதுக்கு சாதா பேட்டரியே லாபம். கேமரா ஃப்ளாஷ், பசங்க ரிமோட் கார் இதுக்கெல்லாம் சார்ஜ் பேட்டரி.

பழைய பேட்டரிய என்ன பண்றது?

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு கடைல பழைய விலை உண்டு, உள்ள இருக்குற ஈயத்துக்கு. புதுசு வாங்குறப்ப கழிச்சுக்குவோம். தெருவுல தராசோட வர்றவர் நூறு ரூபா கூட குடுப்பார், ஆனா அதுல சில பேரு ஆசிட்ட சாக்கடைல கவுத்துட்டு பின்கட்டுல வெச்சு ஈயத்த உருக்குறாங்க, அந்தப் புகை குழந்தைங்க மூளைய கெடுக்கும். 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழச திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புறது தயாரிக்கிற கம்பெனிகளோட பொறுப்பு, அதனால கடைலயே குடுங்க. போன் பேட்டரிய குப்பைல போடாதீங்க, குப்பை லாரில அமுக்கும்போது நசுங்கினா தீ. ரெண்டு முனையிலயும் செல்லோ டேப் ஒட்டி சர்வீஸ் கடைல குடுத்துருங்க.

அப்புறம் பழைய இன்வெர்ட்டர் பேட்டரிய கார்ல கொண்டு வர்றவங்க நிமிர்த்தி வெச்சே கொண்டு வாங்க. படுக்க வெச்சா மூடி வழியா ஆசிட் வழியும், அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, நாலு நாள் கழிச்சு சீட் கவர்ல கை வெச்சா தூள் தூளா உதிரும்.